கட்டுமான உரிமமும் தகுதிப் பொறுப்பாளரும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

அமெரிக்காவில் வீடு புதுப்பித்தல், மின்பணி, குழாய்ப்பணி, குளிர்சாதனப் பணி போன்ற தொழில்களில் இறங்கும் தமிழர்கள் அனுப்பும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விதியைப் பற்றியவையாக இருப்பதால், இம்முறை அதற்கே பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம். ஒரு நிறுவனம் தன் பெயரில் கான்ட்ராக்டர் உரிமம் பெற வேண்டுமானால், அனுபவமும் தேர்வுத் தேர்ச்சியும் உள்ள ஒரு தனிமனிதர் அந்த நிறுவனத்தின் பணிகளுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று பல மாநிலங்கள் கேட்கின்றன. புளோரிடாவிலும் ஜார்ஜியாவிலும் அவரைக் குவாலிஃபையிங் ஏஜென்ட் என்றும், அரிசோனாவில் குவாலிஃபையிங் பார்ட்டி என்றும், வடகரோலினாவில் குவாலிஃபயர் என்றும் அழைக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் அவர் நிறுவன அதிகாரியாக இருந்தால் ஆர்.எம்.ஓ. (ரெஸ்பான்சிபிள் மேனேஜிங் ஆஃபீசர்), ஊழியராக இருந்தால் ஆர்.எம்.இ. (ரெஸ்பான்சிபிள் மேனேஜிங் எம்ப்ளாயீ). இந்தப் பகுதியில் பொதுவாகத் தகுதிப் பொறுப்பாளர் என்று குறிப்பிடுகிறோம். கட்டுமானத் தொழிலுக்கென்று நாடு முழுவதற்குமான கூட்டரசு உரிமம் கிடையாது. ஆகவே கீழே உள்ள ஒவ்வொரு பதிலும் அந்தந்த மாநிலத்துக்கு மட்டுமே பொருந்தும்.

கேள்வி: நானும் என் மைத்துனரும் கலிஃபோர்னியாவில் ஒரு கார்ப்பரேஷன் தொடங்கி, சமையலறை, குளியலறை புதுப்பிக்கும் வேலைகளை எடுத்துச் செய்ய விரும்புகிறோம். இருவருக்கும் கட்டுமான அனுபவம் இல்லை. அனுபவமுள்ள ஒருவர், மாதம் ஒரு தொகை கொடுத்தால் எங்கள் நிறுவனத்துக்கு ஆர்.எம்.ஓ.வாகப் பெயர் கொடுப்பதாகவும், வேலை நடக்கும் இடத்துக்குத் தாம் வரத் தேவையில்லை என்றும் கூறுகிறார். பலர் இப்படித்தான் செய்கிறார்கள் என்கிறார். இதில் சிக்கல் உண்டா? (சாக்ரமெண்டோ வாசகர்)

பதில்: உண்டு. அதுவும் உங்கள் நிறுவனத்தையே இழக்க வைக்கக்கூடிய சிக்கல் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

வெளியிலிருந்து ஒருவரை ஆர்.எம்.ஓ.வாக அழைத்து வருவதோ அவருக்குச் சம்பளம் கொடுப்பதோ குற்றமாகாது. நிறுவனத்தை நடத்துபவருக்கும் தொழில்நுட்பப் பொறுப்பு ஏற்பவருக்கும் வேறுவேறு திறமைகள் தேவைப்படலாம் என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் கலிஃபோர்னியாவின் வணிகம் மற்றும் தொழில்முறைகள் சட்டத் தொகுப்பின் 7068.1ஆம் பிரிவு, பொறுப்பாளர் நிறுவனத்தின் கட்டுமானப் பணிகளை நேரடியாக மேற்பார்வையிட்டுக் கட்டுப்படுத்த வேண்டும் என்று கூறுகிறது. பணியாளர்களை மேற்பார்வையிடுவது, தொழில்நுட்ப முடிவுகளையும் நிர்வாக முடிவுகளையும் எடுப்பது, வேலையின் தரத்தைச் சரிபார்ப்பது, பணியிடத்திலேயே நின்று வழிநடத்துவது ஆகியவற்றை, கான்ட்ராக்டர்களுக்கு உரிமம் வழங்கும் மாநில உரிம வாரியத்தின் விதிகள் இந்த மேற்பார்வைக்கு அடையாளங்களாகக் குறிப்பிடுகின்றன. எல்லா நாளும் அவர் தளத்தில் நிற்க வேண்டும் என்று பொருள் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் இவற்றில் எதையுமே செய்யாமல் பெயரை மட்டும் கொடுப்பவர் விதியை மீறுகிறார். அம்மீறல் ஒழுங்கு நடவடிக்கைக்குரியது மட்டுமன்றி, ஆறு மாதம் வரை சிறைத் தண்டனையோ, 3,000 முதல் 5,000 டாலர் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றமும் ஆகும்.

அந்தத் தண்டனை பொறுப்பாளருக்கு. உங்களுக்கு வரக்கூடிய இழப்பு அதே தொகுப்பின் 7031ஆம் பிரிவில் இருக்கிறது. கான்ட்ராக்டர் உரிமம் தேவைப்படும் ஒரு வேலையைச் செய்த நிறுவனம், வேலை நடந்த காலம் முழுவதும் முறையான உரிமம் பெற்றிருந்ததாகக் காட்ட முடியாவிட்டால், பாக்கிப் பணத்தைக் கேட்டு வழக்குத் தொடர முடியாது. வேலை எவ்வளவு நன்றாக முடிந்திருந்தாலும் இதில் மாற்றமில்லை. அதைவிடக் கடுமையானது, வீட்டு உரிமையாளர் தாம் ஏற்கெனவே கொடுத்த முழுத் தொகையையும் திருப்பிக் கேட்டு வழக்குத் தொடரலாம் என்பது. நீங்கள் வாங்கிய ஓடுகளுக்கும் கொடுத்த கூலிக்கும் கழிவு கேட்க வழியில்லை. உங்கள் பொறுப்பாளர் ஒரு முறைகூடத் தளத்தைப் பார்க்கவில்லை என்பது ஒரு வழக்கில் வெளிப்பட்டால், உரிமமே போலி ஏற்பாட்டில் பெறப்பட்டது என்று எதிர்த்தரப்பு வாதிடும். பணத் தகராறு முற்றும்போது அனுபவமுள்ள வழக்கறிஞர் முதலில் தேடுவது இத்தகைய ஓட்டையைத்தான். பலர் இப்படித்தான் செய்கிறார்கள் என்ற பேச்சு, தகராறு வராத வரையில் மட்டுமே உங்களைக் காக்கும்.

ஆகவே அந்த நண்பரிடம் வேறு விதமாகப் பேசுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் அவர் மதிப்பீட்டைப் பார்க்க வேண்டும், முக்கியமான கட்டங்களில் தளத்துக்கு வர வேண்டும், துணை ஒப்பந்தக்காரர்களைத் தேர்ந்தெடுப்பதில் அவர் சொல்லுக்கு இடமிருக்க வேண்டும், சரியில்லாத வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அவருக்கு வேண்டும். இவற்றை எழுத்து ஒப்பந்தமாகச் செய்து, அவருடைய வருகைகளையும் அறிவுரைகளையும் தேதியோடு பதிவு செய்து வாருங்கள். இதற்கு அவர் சம்மதிக்கவில்லையென்றால் அவரை விட்டுவிடுவதே நல்லது. அவருடைய அனுபவமும் தேர்ச்சியும் சமையலறை, குளியலறை வேலைகளுக்குரிய வகையில் இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். ‘பி’ என்பது பொதுக் கட்டட உரிமம், ‘பி-2’ வீடு புதுப்பித்தலுக்கானது. மின்பணிக்கு மட்டுமான ‘சி-10’ தகுதியை வைத்துக்கொண்டு முழுச் சமையலறை புதுப்பிக்க முடியாது.

செலவுக் கணக்கில் பாண்டு எனப்படும் பிணையத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2023 ஜனவரி முதல் ஒவ்வொரு உரிமதாரரும் 25,000 டாலருக்குப் பாண்டு வைத்திருக்க வேண்டும். பொறுப்பாளர் ஆர்.எம்.இ.யாக இருந்தாலோ, நிறுவனத்தின் வாக்குரிமைப் பங்குகளில் 10 சதவீதத்துக்கும் குறைவாக வைத்திருக்கும் ஆர்.எம்.ஓ.வாக இருந்தாலோ, அவர் பெயரில் தனியாக இன்னொரு 25,000 டாலர் பாண்டு தேவை. முழுத் தொகையையும் கட்டத் தேவையில்லை. பிணைய நிறுவனத்துக்கு ஆண்டுதோறும் அதன் ஒரு சிறு பங்கைக் கட்டணமாகச் செலுத்தினால் போதும். நிறுவனத்தை எல்.எல்.சி.யாக (வரையறுக்கப்பட்ட பொறுப்பு நிறுவனமாக) பதிவு செய்தால் தொழிலாளர் நலனுக்கென்று மேலும் 1,00,000 டாலர் பாண்டு கேட்கப்படும் என்பதால், கார்ப்பரேஷன் என்ற உங்கள் முடிவு புதிய நிறுவனத்துக்கு ஏற்றதாகவே தோன்றுகிறது.

கேள்வி: நான் பதினைந்து ஆண்டுகளாக மின்பணியில் இருக்கிறேன். சொந்தப் பெயரில் ‘சி-10’ உரிமம் உண்டு. நண்பர் ஒருவர் தம் நிறுவனத்துக்கும் என்னைப் பொறுப்பாளராகச் சேர்த்துக்கொள்ள விரும்புகிறார். நட்புக்காகச் செய்யலாமா? எனக்கு என்ன பொறுப்பு வரும்? (சான் ஹோசே வாசகர்)

பதில்: மேலே உள்ள பதிலை நீங்களும் படியுங்கள். அந்த 7068.1ஆம் பிரிவின் தண்டனை உங்களைப் போன்றவருக்கு உரியது.

முதலில், உங்களால் முடியுமா என்று பார்க்க வேண்டும். ஆர்.எம்.இ.யாக ஒருவர் ஒரு நேரத்தில் ஒரே ஓர் உரிமத்துக்குத்தான் இருக்க முடியும். அவர் அந்த நிறுவனத்தின் உண்மையான ஊழியராக, வாரம் குறைந்தது 32 மணி நேரமோ அல்லது நிறுவனம் இயங்கும் மொத்த நேரத்தில் 80 சதவீதமோ, இவற்றில் எது குறைவோ அவ்வளவு நேரம் பணியாற்ற வேண்டும். சொந்தத் தொழிலையும் நடத்திக்கொண்டு இதைச் செய்வது நடைமுறையில் இயலாது. ஆர்.எம்.ஓ.வுக்கு இந்த மணிக்கணக்கு இல்லை. ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களுக்குப் பொறுப்பேற்க வேண்டுமானால், அவற்றுக்கிடையே உண்மையான தொடர்பு இருக்க வேண்டும். ஒவ்வொரு நிறுவனத்திலும் உங்களுக்குக் குறைந்தது 20 சதவீத உரிமை இருப்பது அத்தகைய ஒரு தொடர்பு. கூடுதல் நிறுவனம் முதல் நிறுவனத்தின் துணை நிறுவனமாக இருப்பதும், இரண்டிலும் பெரும்பாலும் அதே பங்காளிகளோ அதிகாரிகளோ இருப்பதும் வேறு வழிகள். இவை பொருந்தினாலும், ஓராண்டு காலத்தில் மூன்று நிறுவனங்களுக்கு மேல் பொறுப்பேற்க முடியாது. ஆக, நண்பர் உங்களுக்கு 20 சதவீதப் பங்கைத் தரத் தயாராக இருக்கிறாரா என்பது முதல் கேள்வி. தயாராக இருந்தால், அந்த உரிமையோடு கணக்குகளைப் பார்க்கும் உரிமையையும் கேட்டு வாங்குங்கள்.

பொறுப்பைப் பொறுத்தவரை, நண்பரின் நிறுவனம் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளாகி உரிமம் பறிக்கப்பட்டால், அதன் பொறுப்பாளராக இருந்தவர் வேறு நிறுவனங்களில் அத்தகைய பதவி வகிப்பதற்கும் தடை வரக்கூடும். பதினைந்து ஆண்டுகளாக நீங்கள் கட்டிய பெயரும் உங்கள் சொந்த உரிமமும் அவருடைய பணியாளர்களின் கவனக்குறைவால் ஆபத்துக்குள்ளாகும். விலகும் முறையும் பலருக்குத் தெரிவதில்லை. நட்பு முறிந்து நீங்கள் வெளியேறிவிட்டாலும், எழுத்து மூலமான விலகல் அறிவிப்பு உரிம வாரியத்துக்குச் சென்று சேரும் வரை அந்த நிறுவனத்தின் கட்டுமானப் பணிகளுக்குப் பொறுப்பு உங்களுடையதே. விலகிய நாள், அறிவிப்பு கிடைத்த நாள் ஆகிய இரண்டில் எது பிந்தியதோ அதுவரை பொறுப்பு தொடர்கிறது. நண்பர் தெரிவித்துவிடுவார் என்று விட்டுவிடாமல், நீங்களே கடிதம் அனுப்பி, அது சேர்ந்ததற்கான சான்றையும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: புளோரிடாவில் எங்கள் குடும்ப நிறுவனத்துக்கு இருந்த ஒரே குவாலிஃபையிங் ஏஜென்ட் திடீரென்று விலகிவிட்டார். மூன்று வேலைகள் பாதியில் இருக்கின்றன. புதிதாக ஒரு பெரிய வேலையும் கைக்கு வரும் நிலையில் இருக்கிறது. என்ன செய்வது? (டாம்பா வாசகி)

பதில்: புதிய வேலையில் இப்போது கையெழுத்திட வேண்டாம். புளோரிடாச் சட்டத்தின் 489ஆம் அத்தியாயப்படி, ஒரே பொறுப்பாளர் விலகிய நாளிலிருந்து 60 நாட்களுக்குள் நிறுவனம் இன்னொருவரை அமர்த்த வேண்டும். அந்த 60 நாட்களும் வேலையைத் தொடர்வதற்கான அவகாசம் என்று பலர் தவறாக எண்ணிக்கொள்கிறார்கள். புதியவர் வரும் வரை நிறுவனம் ஒப்பந்தப் பணியில் ஈடுபடக் கூடாது என்பதே விதி.

பாதியில் நிற்கும் வேலைகளுக்கு ஒரு வழி இருக்கிறது. நிறுவனத்தின் தலைவரோ, நிதிப் பொறுப்பு அதிகாரியோ, பங்காளியோ, பொறுப்பாளரின் எல்லாக் கடமைகளையும் தாமே ஏற்றுக்கொள்வதாகக் கூறி, கட்டுமானத் தொழில் உரிம வாரியத்திடம் தற்காலிகச் சான்றிதழ் கேட்கலாம். அதைப் புதுப்பிக்க முடியாது. முடிவடையாத ஒப்பந்தங்களை மட்டுமே அதைக் கொண்டு தொடரலாம். பொறுப்பாளர் விலகுவதற்கு முன்பே கையெழுத்தான வேலைகள் இதில் அடங்கும். அவர் விலகுவதற்கு முன் நடந்த ஏலத்தில் உங்கள் நிறுவனமே குறைந்த விலை கேட்டிருந்து, வேலை பின்னர் உங்களுக்குக் கிடைத்தால் அதுவும் அடங்கும். ஆகவே நாளைக்கே வாரியத்துக்கு எழுதி, மூன்று வேலைகளின் ஒப்பந்த நகல்களையும் இணைத்து அனுப்புங்கள். வாடிக்கையாளர்களிடம் நிலைமையை மறைக்காமல் கூறிவிடுங்கள். உரிமமில்லாத நிலையில் கையெழுத்தான ஒப்பந்தத்தைக் கான்ட்ராக்டர் நீதிமன்றத்தில் நிலைநாட்ட முடியாது என்பது புளோரிடாவிலும் சட்டம். உரிமமின்றித் தொழில் செய்வது முதல் முறை சிறு குற்றமாகவும், மறுமுறையோ அவசரநிலை அறிவிக்கப்பட்ட காலத்திலோ செய்தால் பெருங்குற்றமாகவும் கருதப்படுகிறது. புயலுக்குப் பின் கூரை வேலைகள் குவியும் மாநிலத்தில் இந்தக் கடைசி விதி மிகவும் முக்கியமானது.

மற்ற மாநில வாசகர்களுக்காக இரண்டு தகவல்கள். கலிஃபோர்னியாவில் பொறுப்பாளர் விலகினால் புதியவரைக் கொண்டுவர 90 நாட்கள் அவகாசம் உண்டு. அதற்குள் மாற்றாவிட்டால் உரிமம் தானாகவே நிறுத்தி வைக்கப்படும். அரிசோனாவில் அந்த அவகாசம் 60 நாட்கள். இவை போதுமான காலம் போலத் தெரியலாம். ஆனால் புதியவருக்குத் தேர்வு எழுத வேண்டியிருந்தால், விண்ணப்பம், பரிசீலனை, தேர்வுத் தேதி என்று வாரங்கள் கரைந்துவிடும். குடும்பத்திலோ பணியாளர்களிலோ அனுபவமுள்ள ஒருவரை, இப்போதுள்ள பொறுப்பாளர் பணியில் இருக்கும்போதே தேர்வு எழுத வைத்து, இரண்டாம் பொறுப்பாளராகச் சேர்க்கும்படி எல்லா நிறுவனங்களையும் வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறோம். புளோரிடாவில் முதன்மைப் பொறுப்பாளர், இரண்டாம் நிலைப் பொறுப்பாளர் என்ற பிரிவினையே உண்டு. முதன்மைப் பொறுப்பாளர் நிறுவனம் எடுக்கும் எல்லாப் பணிகளுக்கும் பதில் சொல்ல வேண்டியவர். மற்றவர் தம் உரிமத்தைக் கொண்டு கட்டட அனுமதி எடுத்த பணிகளுக்குப் பொறுப்பானவர்.

கேள்வி: தகுதிப் பொறுப்பாளர் மேற்பார்வை செய்யாமல் விட்டதால் என் வீட்டு வேலை கெட்டுவிட்டது. நிறுவனத்தோடு சேர்த்து அவர் மீதும் தனிப்பட்ட முறையில் வழக்குத் தொடரலாமா? (ஒர்லாண்டோ வாசகர்)

பதில்: மேற்பார்வையிடத் தவறியதற்காக 489ஆம் அத்தியாயத்தை மட்டும் அடிப்படையாகக் கொண்டு அவர் மீது தனிநபர் வழக்குத் தொடர முடியாது என்று புளோரிடா உச்ச நீதிமன்றம் 1994ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்திருக்கிறது. அந்தக் கடமை மீறலுக்கு நடவடிக்கை எடுப்பது வாரியத்தின் வேலை. நிறுவனத்தின் மீது ஒப்பந்த மீறலுக்காக வழக்குத் தொடர்வதையோ, அவரே நேரடியாகச் செய்த கவனக்குறைவுக்குப் பொதுச் சட்டப்படி அவரைப் பொறுப்பாக்குவதையோ அத்தீர்ப்பு தடுக்கவில்லை. வாரியத்திடம் புகார் அளிப்பதையும் வழக்கறிஞரைப் பார்ப்பதையும் ஒரே சமயத்தில் செய்யுங்கள்.

கேள்வி: டெக்சாஸில் கட்டுமான நிறுவனம் தொடங்க உரிமமே தேவையில்லை என்கிறார்களே, உண்மையா? (ஹியூஸ்டன் வாசகர்)

பதில்: பாதி உண்மை. பொதுக் கட்டுமானத்துக்கு டெக்சாஸ் மாநில உரிமம் கேட்பதில்லை. சில நகரங்கள் பதிவு செய்துகொள்ளச் சொல்லும். ஆனால் மின்பணிக்கும் குளிர்சாதனப் பணிக்கும் மாநில உரிமத் துறையின் உரிமமும், குழாய்ப்பணிக்குத் தனி வாரியத்தின் உரிமமும் கட்டாயம். அங்கும் பொறுப்பாளர் முறைதான். மின்பணி நிறுவனத்துக்கு ஒரு மாஸ்டர் எலக்ட்ரீஷியனும், குழாய்ப்பணி நிறுவனத்துக்கு ஒரு பொறுப்பு மாஸ்டர் பிளம்பரும் பதிவேட்டில் இருந்தாக வேண்டும்.

கேள்வி: தமிழ்நாட்டில் சிவில் பொறியியல் படித்து, பத்தாண்டுகள் கட்டுமானத் தளங்களில் பணியாற்றிவிட்டு, இப்போது எச்-1பி விசாவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறேன். வேறொருவரை நம்பாமல் நானே பொறுப்பாளராக முடியாதா? (ஃப்ரீமாண்ட் வாசகர்)

பதில்: உங்களைப் போன்றவர்கள் தாமே தேர்வு எழுதுவதையே நாங்கள் விரும்புகிறோம். வேலை தெரிந்தவரே பொறுப்பேற்கும்போது விதியின் நோக்கம் முழுமையாக நிறைவேறுகிறது. ஆனால் உங்கள் கடிதத்தில் இரண்டு தடைகள் தெரிகின்றன.

முதலாவது, காலம். கலிஃபோர்னியா கேட்பது கடந்த பத்தாண்டுகளுக்குள் பெற்ற நான்காண்டு அனுபவம். அதுவும் தேர்ந்த தொழிலாளி, மேற்பார்வையாளர், கான்ட்ராக்டர் ஆகிய நிலைகளில் பெற்றதாக இருக்க வேண்டும். உதவியாளராக இருந்த காலம் கணக்கில் வராது. தொடர்புடைய பொறியியல் பட்டத்துக்கு அதிகபட்சம் மூன்றாண்டுகள் வரை சலுகை கிடைக்கக்கூடும். அப்போதும் குறைந்தது ஓராண்டு களப்பணி காட்டியாக வேண்டும். நீங்கள் தளத்தை விட்டு வந்து எத்தனை ஆண்டுகள் ஆயின என்பது கடிதத்தில் இல்லை. பத்தாண்டு வரம்பு நெருங்கிக்கொண்டிருந்தால் தாமதிக்க வேண்டாம். அனுபவத்தை, அதை நேரில் அறிந்த ஒருவர் சான்றளிக்க வேண்டும். முதலாளி, உடன் பணியாற்றியவர், பொறியாளர், கட்டட ஆய்வாளர் போன்றோர் அதைச் செய்யலாம். பழைய நிறுவனம் மூடப்பட்டுவிட்டதென்றால், உங்களோடு பணியாற்றிய பொறியாளரை இப்போதே தேடிப் பிடியுங்கள். சம்பளச் சீட்டு, பணி ஆணை, திட்டங்களின் பட்டியல் ஆகியவற்றையும் சேகரித்து வையுங்கள். சான்றை வாரியம் மேலும் துருவிக் கேட்கும் வாய்ப்பு உண்டு. அதன் பிறகு சட்டமும் தொழில் நிர்வாகமும் அடங்கிய ஒரு தேர்வு, தொழில் சார்ந்த ஒரு தேர்வு என இரண்டு எழுத வேண்டும்.

இரண்டாவது தடை விசா. உரிமம் வேறு, வேலை செய்யும் அனுமதி வேறு. கலிஃபோர்னியா வாரியம் சமூகப் பாதுகாப்பு எண்ணுக்குப் பதிலாக வரி செலுத்துவோருக்கான ஐ.டி.ஐ.என். எண்ணையும் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் எச்-1பி விசா உங்களை, உங்களுக்காக விண்ணப்பித்த நிறுவனத்தோடு பிணைக்கிறது. பொறுப்பாளராக மேற்பார்வை செய்வதும் வேலைதான். வேறு நிறுவனத்துக்காக அதைச் செய்தால் குடியேற்ற நிலையே பாதிக்கப்படலாம். மேற்பார்வை செய்யாமல் இருந்தாலோ உரிமச் சட்டத்தை மீறியவராவீர்கள். குடியேற்ற வழக்கறிஞரின் எழுத்து மூலமான ஆலோசனையின்றி உங்கள் பெயரை எந்த உரிமத்திலும் சேர்க்க வேண்டாம்.

வேறு மாநிலத்துக்குச் செல்லும் எண்ணமிருந்தால் அளவுகோல் மாறும். வர்ஜீனியாவில் ‘ஏ’ வகுப்புக்கு ஐந்து, ‘பி’ வகுப்புக்கு மூன்று, ‘சி’ வகுப்புக்கு இரண்டு ஆண்டுகள் அனுபவம் கேட்கிறார்கள். அங்கே தொழிலறிவுக்குப் பொறுப்பானவர் ஒருவராகவும், ‘ஏ’, ‘பி’ வகுப்புகளில் நிர்வாகத் தேர்வு எழுதுபவர் வேறொருவராகவும் இருக்கலாம் என்பது சிறிய குடும்ப நிறுவனங்களுக்குப் பெரிய வசதி. புளோரிடாவில் அனுபவத்தோடு கடன் மதிப்பெண்ணையும் பார்ப்பார்கள். அது 660க்குக் குறைவாக இருந்தால் கூடுதல் பிணையம் கேட்கப்படும். வணிகக் கட்டடப் பணிக்கு நாஸ்க்லா என்ற மாநில உரிம அமைப்புகளின் சங்கம் நடத்தும் தேர்வைப் பல மாநிலங்கள் ஏற்கின்றன. அதில் தேறினால் தொழில் தேர்வை மீண்டும் எழுத வேண்டியிராது. ஆயினும் ஒவ்வொரு மாநிலத்திலும் தனி விண்ணப்பமும் அந்த மாநிலச் சட்டத் தேர்வும் இருக்கக்கூடும்.

கேள்வி: வீட்டில் சிறு வேலைகள் செய்து தரும் ஒருவருக்கும் இந்த விதிகள் எல்லாம் உண்டா? வேலை கொடுப்பவர்கள் எதைப் பார்க்க வேண்டும்? (சான் டியாகோ வாசகி)

பதில்: கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல், கூலியும் பொருளும் சேர்த்து 1,000 டாலருக்குக் குறைவான வேலைக்கு உரிமம் தேவையில்லை. அந்த வேலைக்குக் கட்டட அனுமதி தேவைப்படக் கூடாது, செய்பவர் வேறு ஆட்களை அமர்த்தவும் கூடாது. ஒரே வேலையைப் பல பில்களாகப் பிரித்துப் போட்டு இந்த வரம்புக்குள் கொண்டுவருவதும் செல்லாது.

பெரிய வேலை கொடுக்கும்போது ஒப்பந்தத்தில் உள்ள உரிம எண்ணை உரிம வாரியத்தின் இணையப் பக்கத்தில் இட்டுப் பாருங்கள். உரிமம் நடப்பில் இருக்கிறதா, எந்த வகைக்கு, பாண்டும் தொழிலாளர் காப்பீடும் உண்டா என்பதோடு, உரிமத்தில் இடம்பெற்றுள்ளவர்களின் பெயர்களையும் அங்கே காணலாம். அந்தப் பொறுப்பாளர் எப்போது தளத்துக்கு வருவார் என்று நேரடியாகக் கேளுங்கள். அவரைப் பார்க்க முடியாது என்ற பதில் வந்தால் ஒப்பந்தத்தைத் தள்ளி வையுங்கள். வீடு புதுப்பிக்கும் வேலைக்கு முன்பணமாக 1,000 டாலர் அல்லது ஒப்பந்தத் தொகையில் 10 சதவீதம், இவற்றில் எது குறைவோ அதற்கு மேல் கேட்க அங்கே சட்டத்தில் இடமில்லை.